மண்ணுல கிடைச்ச பழைய பட்டனா? முதல்ல திருப்பிப் பாருங்க

மெட்டல் டிடெக்டர்ல கணீர்னு ஒரு சிக்னல் வரும், திரையில நம்பரும் காசுக்கு வர்ற மாதிரியே நிக்கும், மண்டி போட்டு தோண்டினா தட்டையா வட்டமா ஒண்ணு எட்டிப் பாக்கும், அப்படியே நெஞ்சு பக்குன்னு ஆகும், கையில எடுத்து திருப்பினா பின்னாடி ஒடிஞ்சு போன ஒரு வளையம். பட்டன். மெட்டல் டிடெக்டர் வச்சிருக்கற எல்லாருக்கும் இது நடந்திருக்கும், பழைய தட்டை பட்டன் எல்லாம் செம்புக் கலவைங்கறதால மெஷினுக்கு அதுவும் காசும் ஒண்ணுதான். ரொம்ப பேர் அதை அப்படியே குப்பைப் பையில போட்டுட்டு அடுத்த இடத்துக்கு போயிடறாங்க. நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒரு மழைநாள்ல வேலை இல்லாம, கிடைச்சதை எல்லாம் போட்டு வச்ச டப்பாவை கொட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, தேய்ஞ்சு போன காசு சொல்றதை விட இந்த பட்டனுங்க நெறைய சொல்லுதுன்னு.

காலம் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம், தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. எனக்கு ஆரம்பத்துல கிடைச்ச நல்ல பட்டன் ஒண்ணை பழைய டூத் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் போட்டு தேய் தேய்னு தேச்சேன், மண்ணோட சேந்து மஞ்சளா ஏதோ போகுது போகுதுன்னு பாத்துட்டே இருந்தேன், அந்த மஞ்சள்தான் பொன்முலாம்னு எல்லாம் போனதுக்கு அப்புறம்தான் புரிஞ்சது. மண்ணுக்குள்ள இருக்கும்போது முலாமுக்கு அடியில இருக்கற செம்பு பச்சையா களிம்பு பிடிக்கும், முலாம் அந்த களிம்பு மேல சும்மா ஒட்டிட்டு நிக்கும், தொட்டாலே உதிரும். அதனால காய விட்டுடுங்க, முழுசா காஞ்ச பிறகு மண்ணு தானா விட ஆரம்பிக்கும், மிச்சத்தை பல்குத்தற குச்சியால கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம், கண்டிப்பா கழுவணும்னா காய்ச்சி வடிச்ச சுத்தமான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுங்க. எலுமிச்சை, வினிகர், புளி, கோலா எல்லாம் வேண்டவே வேண்டாம். ஈயம் கலந்த பட்டனா இருந்தா கை கழுவாம சாப்பிடவும் வேண்டாம்.

சரி இப்ப விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் செய்யற தப்பு என்னன்னா முன்பக்கத்தையே பாத்துட்டு இருப்பாங்க, பூ இருக்கு, நங்கூரம் இருக்கு, சிங்கம் இருக்குன்னு படம் படமா தேடுவாங்க. முன்பக்க டிசைன் நூறு வருஷம் கழிச்சும் திரும்ப வரும், நேத்து செஞ்ச கோட்டுல கூட நங்கூரம் போட்ட பட்டன் இருக்கு. பின்பக்கம் அப்படி இல்ல, அதை எப்படி செஞ்சாங்கன்னு காட்டும், செய்முறை மாறின வருஷம் நமக்கு தெரியும். அதனால நான் பட்டனை கையில எடுத்தா முதல்ல கவுத்துத்தான் போடுவேன்.

பின்னாடி நூல் கோக்கற வளையத்தை ஷேங்க்னு சொல்லுவாங்க, நான் காதுன்னே சொல்றேன், ஊசிக்கு காது இருக்கற மாதிரி. இந்த காது எப்படி ஒட்டியிருக்குங்கறதுதான் பாதி பதில்.

பட்டனும் காதும் ஒரே வார்ப்பா, சேத்தே ஊத்தின மாதிரி இருக்கா? அப்ப காது நடுவுல, சில சமயம் பட்டன் பின்பக்கம் முழுக்க, அச்சு ரெண்டும் சேந்த இடத்துல ஒரு மெல்லிய கோடு ஓடும், விரல் நகத்தை வச்சு இழுத்தா தட்டுப்படும். சுண்டக்காய் சைஸுல, கெட்டியா, குமிழ் மாதிரி இருந்தா ரொம்ப பழசா இருக்க வாய்ப்பிருக்கு, இந்த மாதிரி சின்ன வார்ப்பு பட்டன் ஐரோப்பால மத்திய காலத்துல இருந்தே வருது. ஆனா ஒண்ணு, இதே முறையில ரொம்ப காலம் செஞ்சுட்டே இருந்தாங்க, அதனால உருவத்தை மட்டும் வச்சு நூற்றாண்டை அடிச்சு சொல்லிடாதீங்க.

உள்ள வெத்தா, ரெண்டு அரைக்கோளத்தை சேத்து ஒட்டின மாதிரி இருந்து, பின்னாடி காதுக்கு பக்கத்துல ஒண்ணு ரெண்டு குட்டி ஓட்டை இருந்தா அது தைக்கற ஓட்டை இல்ல. ரெண்டு பாதியையும் சூடு பண்ணி பத்த வைக்கும்போது உள்ள இருக்கற காத்து வெளிய போக விட்ட வழி அது. இதை பாத்தா 17-ம் நூற்றாண்டு, 18-ம் நூற்றாண்டோட முன்பாதின்னு யோசிக்க ஆரம்பிக்கலாம். காது உடைஞ்சு போயிருந்தாலும் இந்த ஓட்டை காட்டிக் கொடுத்துடும்.

அடுத்தது, தட்டையான பட்டன், நடுவுல ஒரு சின்ன மேடு, அந்த மேட்டுக்குள்ள கம்பி வளையம் சொருகியிருக்கும். உலோகத்தை ஊத்தும்போதே கம்பியை அச்சுல வச்சு ஊத்தியிருக்காங்க. பின்பக்கத்தை சாய்ச்சுப் பிடிச்சு வெளிச்சத்துல பாத்தா கடைசல்ல கடைஞ்ச வட்ட வட்டக் கோடு தெரியும், ரெக்கார்டு தட்டு மாதிரி. இது 18-ம் நூற்றாண்டோட அசல் முகம். இதுலயே வெள்ளி மாதிரி சாம்பல் வெள்ளையா, களிம்பே பிடிக்காம, நேத்து விழுந்த மாதிரி வெளிய வந்தா அது டோம்பாக். செம்பும் துத்தநாகமும் கூட கொஞ்சம் ஆர்சனிக்கும் கலந்த கலவை. முதல் தடவை பாக்கறவங்க எல்லாம் இது ஏதோ புதுசுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க, பச்சையா இருக்கறதுதான் பழசுன்னு நெனப்பு. டோம்பாக் விஷயத்துல அப்படியே தலைகீழ்.

18-ம் நூற்றாண்டுல இன்னொரு வகை இருக்கு, எலும்பு இல்ல மரத்துல வட்டத் துண்டு, அதுல நாலு ஓட்டை போட்டு நரம்பு நூலை குறுக்க கோத்து அதையே காதா வச்சு, மேல மெல்லிசா தகடை போத்தி ஓரத்தை மடிச்சிருப்பாங்க. மண்ணுல மரமும் நரம்பும் மக்கிப் போயிடும், நமக்கு கிடைக்கறது அந்த தகடு மட்டும்தான், பாட்டில் மூடி நசுங்கின மாதிரி. ஓரம் உள்பக்கமா மடிஞ்சிருக்கா, முன்னாடி அழுத்தின டிசைன் ஏதாவது இருக்கான்னு பாக்காம ஃபாயில் குப்பைன்னு போட்டுடாதீங்க.

18-ம் நூற்றாண்டு முடியற சமயத்துல தகடை வட்டமா வெட்டி எடுத்து கம்பிக் காதை பின்னாடி பத்த வைக்கற முறைதான் எங்க பாத்தாலும். மேடு கிடையாது, பின்பக்கம் வழவழன்னு இருக்கும், கம்பியோட ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு தாண்டி மீன் வால் மாதிரி விரிஞ்சிருக்கலாம், இல்ல ரெண்டு பாதமா வெளிப்பக்கம் திரும்பி உக்காந்திருக்கலாம். காது ஒடிஞ்சிருந்தா கூட அந்த பாதம் ஒட்டியிருந்த தழும்பு இருக்கும். டப்பால இருக்கற தட்டை பட்டன்ல பாதிக்கு மேல எனக்கு இந்த வகைதான், வயக்காடு எங்க உழுதிருந்தாலும் வரும்.

அதுக்கப்புறம் பெரிய மாற்றம் ரெண்டு துண்டு பட்டன். முன்பக்கம் ஒரு தகடு, பின்பக்கம் ஒரு தகடு, முன் தகடோட ஓரத்தை பின்னாடி மடிச்சு நசுக்கி மூடிடறது. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் ஊர்ல பெஞ்சமின் சாண்டர்ஸ்ங்கறவர் பேரை இதுக்கு சொல்லுவாங்க, 1810-களை ஒட்டின கதை. ஓரத்துல அந்த மடிப்பு தெரியுதா, முன்பக்கம் உப்பலா இருக்கா, ஆட்டினா உள்ள லேசா மண்ணு உருளற சத்தம் கேக்குதா, அப்ப 19-ம் நூற்றாண்டுக்கு முன்னாடி போக வேண்டிய அவசியமே இல்ல. 1825-ல அவர் பையன் காதுக்கு கம்பிக்கு பதிலா துணிக் குஞ்சம் வச்சு செய்ய ஆரம்பிச்சார், அது மண்ணுல நிக்காது, பின்னாடி நடுவுல வெறும் ஓட்டையோட கிடைச்சா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

நாலு ஓட்டை போட்ட பித்தளை பட்டன், ஓரத்துல எழுத்து எல்லாம் அழுத்தி இருக்கறது, பேண்ட் பட்டன். தோள்பட்டை வழியா போட்டு பேண்ட்டை தூக்கிப் பிடிக்கற பட்டைக்கும், முன்பக்கம் மூடறதுக்கும். தையல்காரர் பேரோ ஊரோ இருக்கும், இல்லன்னா 'எக்செல்சியர்', 'பெஸ்ட் சாலிட் ஐலெட்', 'நே ப்ளஸ் அல்ட்ரா' இந்த மாதிரி பந்தா வார்த்தை இருக்கும். 19-ம் நூற்றாண்டு பின்பாதியில இருந்து 20-ம் நூற்றாண்டு முன்பாதி வரைக்கும் கொட்டிக் கிடக்கு, 1930-கள்ல ஜிப் வந்து இதோட பாதி வேலையை பிடுங்கிடுச்சு. தையல்காரர் பேர் இருந்தா மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்க, பழைய ஊர் வியாபார டைரக்டரில தேடினா கடை எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் எந்த தெருவுல இருந்துச்சுன்னு கிடைச்சுடும். அழுத்தினா டக்குன்னு மாட்டற ப்ரெஸ் பட்டனா இருந்தா இன்னும் சுலபம், ஹெரிபெர்ட் பாயர் ஜெர்மனில பேட்டன்ட் வாங்கினது 1885, அதுக்கு முன்னாடி கிடையாது.

இப்ப பின்பக்க எழுத்து. பேக்மார்க்னு சொல்றது இதைத்தான். சும்மா நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, இருட்டு ரூம்ல போன் டார்ச்சை மேசை மட்டத்தோட ஒட்டி சாய்ச்சு பிடிச்சு பட்டனை மெல்ல சுத்துங்க, ஒரு பக்கத்துல எழுத்தோட நிழல் எழும்பும், அப்ப போட்டோ எடுங்க, நாலு பக்கத்துல இருந்து நாலு போட்டோ. ஒரு போட்டோல தெரியாத எழுத்து இன்னொண்ணுல தெரியும்.

'கில்ட்', 'ட்ரெபிள் கில்ட்', 'ப்ளேட்டட்', 'எக்ஸ்ட்ரா ரிச்', 'ஸ்டாண்டர்டு கலர்' இந்த மாதிரி தரம் சொல்ற வார்த்தை மட்டும், கம்பெனி பேரே இல்லாம தட்டை பட்டன்ல இருந்தா அது 1790-கள்ல இருந்து 1830-கள் வரைக்கும்னு வைக்கலாம். ஏன் இந்த வார்த்தைன்னா, முலாம் பூசாத பட்டனை பூசினதுன்னு ஏமாத்தி விக்கறது ஜாஸ்தியாகி பிரிட்டன்ல 1796-ல உலோக பட்டனுக்குன்னே தனியா ஒரு சட்டம் போட்டாங்க. ஒரு பட்டனுக்கு சட்டம்! அதுக்கப்புறம் எல்லாரும் போட்டி போட்டு தரத்தை பின்னாடி அடிக்க ஆரம்பிச்சாங்க. அப்ப முலாம் பூசினது பாதரசத்துல தங்கத்தை கரைச்சு தடவி தீயில சுட்டு. 1840-ல எல்கிங்டன் பேட்டன்ட்டோட மின்முலாம் வந்தப்புறம் அந்த பழைய முறை கொஞ்சம் கொஞ்சமா ஓரங்கட்டப்பட்டுது.

கம்பெனி பேர் இருந்தா இன்னும் நெருங்கலாம், ஏன்னா கம்பெனிங்க பேரை மாத்திட்டே இருக்கும். அமெரிக்கால வாட்டர்பரி ஊர்ல ஸ்கோவில் இதுக்கு நல்ல உதாரணம். 'லீவன்வொர்த், ஹேடன் அண்ட் ஸ்கோவில்'னு இருந்தா 1811-ல இருந்து 1827, 'ஜே.எம்.எல். அண்ட் டபிள்யூ.எச். ஸ்கோவில்'னு இருந்தா 1827-ல இருந்து 1840, 'ஸ்கோவில்ஸ் அண்ட் கோ' 1840-ல இருந்து 1850, அப்புறம் 'ஸ்கோவில் மேனுஃபாக்சரிங்'னு சுருக்கமா வர்றது 1850-க்கு மேல. ஒரே கம்பெனி, பேரை மட்டும் வச்சு பத்து பதினஞ்சு வருஷ இடைவெளிக்குள்ள வந்துடலாம். பிரிட்டிஷ் பட்டன்ல 'லிமிடெட்' இல்ல அதோட சுருக்கம் இருந்தா 1855-க்கு முன்னாடி இருக்க முடியாது, அந்த வருஷம்தான் லிமிடெட் லயபிலிட்டி சட்டமே வந்துச்சு. 'பட்டன்ஸ் லிமிடெட், பர்மிங்ஹாம்'னு இருந்தா 1907-க்கு அப்புறம், சில கம்பெனிங்க ஒண்ணா சேந்து ஆரம்பிச்சது அப்பதான். வைரம் வடிவத்துல கட்டம் போட்டு மூலைக்கு மூலை எழுத்து இருந்தா பிரிட்டிஷ் டிசைன் பதிவு, 1842-ல இருந்து 1883 வரைக்கும். 'மேட் இன்' அந்த நாடு இந்த நாடுன்னு இருந்தா பெரும்பாலும் 1890-களுக்கு மேல வாங்க.

இதுல ஒரு பொறி இருக்கு, நானே மாட்டியிருக்கேன். கறுப்பா ரப்பர் பட்டன் ஒண்ணு, பின்னாடி 'குட்இயர் 1851'ன்னு தெளிவா எழுத்து. அடடா வருஷமே போட்டு குடுத்துட்டான்னு பைல எழுதி வச்சுட்டேன். அந்த 1851 ரப்பரை கெட்டியாக்கற முறைக்கு வாங்கின பேட்டன்ட் வருஷம், பட்டன் செஞ்ச வருஷம் இல்ல, அதே எழுத்தோட அதுக்கப்புறமும் பல வருஷம் அடிச்சுத் தள்ளியிருக்காங்க. பட்டன்ல வருஷம் இருந்தா அது எதோட வருஷம்னு கேளுங்க.

எதுல செஞ்சதுங்கறது பத்தி சுருக்கமா. அலுமினியம்னா 1880-களோட கடைசிக்கு முன்னாடி வாய்ப்பில்ல, 1886-ல மின்சாரத்துல பிரிச்செடுக்கற முறை வந்தப்புறம்தான் அது மலிவாச்சு. பேக்கலைட்ங்கற பழைய பிளாஸ்டிக்கை கண்டுபிடிச்சது 1907-ல. சாம்பலா, மெத்துன்னு, நகத்தால கீறினா கோடு விழற மாதிரி இருந்தா ஈயம், வெள்ளீயம் கலந்த ப்யூட்டர், பழைய படைவீரர் பட்டனா இருக்கலாம்.

சைஸையும் அளந்து எழுதுங்க. 25 மில்லிமீட்டருக்கு மேல தட்டையா பெருசா இருந்தா கோட்டுது, 18-ம் நூற்றாண்டுல கோட் பட்டன் தட்டு மாதிரி இருக்கும், 15 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா உள்ள போடற வெயிஸ்ட்கோட்டுக்கோ கை ஓரத்துக்கோ. பட்டன்காரங்க லைன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 40 லைன் ஒரு இன்ச்.

பின்பக்கம் முடிஞ்சாதான் முன்பக்கம். பிரிட்டிஷ் ராணுவ பட்டனா இருந்தா எண்ணைப் பாருங்க, 1767-ல வந்த உத்தரவுப்படி ஒவ்வொரு படைப்பிரிவும் தன்னோட எண்ணை பட்டன்ல போடணும். சாதாரண வீரர்களுக்கு 1855 வரைக்கும் ப்யூட்டர், அதுக்கப்புறம் பித்தளை, 1871-ல எண்ணை எடுத்துட்டு எல்லாருக்கும் பொதுவா அரச சின்னம் போட்ட ஒரே பட்டன். அதனால எண் இருக்கற ப்யூட்டர் ஒரு கதை, எண் இருக்கற பித்தளை ஒரு கதை, ரெண்டாவதுக்கு வீரர்கள் விஷயத்துல இடைவெளி வெறும் 16 வருஷம். கடற்படை பட்டன்ல நங்கூரத்துக்கு மேல கிரீடம் இருந்தா 1812-க்கு அப்புறம், கிரீடம் இல்லாத நங்கூரம்னா அதுக்கு முன்னாடி இருக்கலாம், ஆனா வெறும் ஃபேஷன் பட்டனாவும் இருக்கலாம், அங்கதான் பின்பக்கம் உதவும்.

கிரீடத்தோட மேல் வளைவை லென்ஸ் வச்சு பாருங்க. வளைவு நடுவுல பள்ளமாகி ரெண்டு தோள் மாதிரி இருந்தா ராணி கிரீடம், குடை மாதிரி மேல எழும்பி இருந்தா ராஜா கிரீடம். 1901-ல இருந்து 1952 வரைக்கும் குடை, 1953-ல இருந்து எலிசபெத் காலத்துக்கு பள்ளம், விக்டோரியா காலத்துலயும் பெரும்பாலும் பள்ளம்தான், அதனால பள்ளம் இருந்தா ரெண்டு ராணில யாருன்னு பாக்க திரும்ப கவுத்துப் போடணும். 2022-க்கு அப்புறம் சார்லஸ் வந்து குடையை திரும்ப கொண்டு வந்துட்டார்ங்கறது தனிக் குழப்பம்.

மிருகத்தலையோ கையோ பறவையோ, கீழ முறுக்கின கயிறு மாதிரி ஒரு சின்ன பட்டை மேல நின்னா அது ராணுவம் இல்ல, பெரிய வீட்டு வேலைக்காரங்க போட்ட சீருடை பட்டன், அந்த குடும்பத்தோட சின்னம். ஒரே சின்னத்தை பத்து குடும்பம் வச்சிருக்கும், அதனால கிடைச்ச இடத்துக்கு பக்கத்துல எந்த மாளிகை இருந்துச்சுன்னு பழைய மேப்புல தேடறதுதான் வழி. ரெண்டு இதயமும் மேல ஒரு கிரீடமும் இருக்கற குட்டி பட்டன் கிடைச்சா மட்டும் கொஞ்சம் உக்காந்து மூச்சு விடுங்க, 1662-ல இரண்டாம் சார்லஸ் பிரகன்சா கேத்தரினை கல்யாணம் பண்ணதோட சேத்து சொல்ற டிசைன் அது, வெள்ளில இருந்தா இங்கிலாந்துல 300 வருஷத்துக்கு மேல ஆன விலையுயர்ந்த உலோகம்னு புதையல் சட்டத்துக்குள்ள வந்துடும், சொல்லாம வச்சுக்கக் கூடாது. உங்க நாட்டுல சட்டம் வேறயா இருக்கும், தோண்டறதுக்கு முன்னாடியே அதை பாத்துடுங்க, நிலத்துக்காரர் அனுமதியும் சேத்து.

ஒரு பட்டனை எடுத்து முழுசா ஓட்டிக் காட்டறேன். 24 மில்லிமீட்டர், உப்பல், ஒரு பக்கம் நசுங்கியிருக்கு, ஓரத்துல மடிப்பு இருக்கு, அப்ப ரெண்டு துண்டு, 19-ம் நூற்றாண்டுக்கு வந்தாச்சு. காது கம்பி, முழுசா இருக்கு. டார்ச்சை சாய்ச்சா பின்னாடி 'லிமிடெட்'டோட கடைசி எழுத்து ரெண்டும் 'பர்மிங்ஹாம்'ல பாதியும் தெரியுது, அப்ப 1855-க்கு முன்னாடி கதவு சாத்தியாச்சு. முன்னாடி மான்தலை, கீழ முறுக்கின பட்டை, கிரீடம் கிடையாது, எண் கிடையாது, வேலைக்காரர் சீருடை. அதே குழியில ஜார்ஜ் ராஜா காலத்து காசு ஒண்ணும் வந்துச்சு, ஆனா உழுத மண்ணுல பக்கத்துல கிடந்ததுக்கு ஒரு மதிப்பும் இல்ல, கலப்பை எல்லாத்தையும் கலக்கி விட்டிருக்கும். இதுக்கு நான் எழுதினது '1855-க்கு அப்புறம், சீருடை, மான்தலை'. அவ்வளவுதான், நடுவுல குத்துமதிப்பா ஒரு வருஷம் போடல.

செஞ்ச வருஷமும் தொலைஞ்ச வருஷமும் வேறங்கறதையும் பக்கத்துலயே குறிச்சுக்கணும். கோட்டு கிழிஞ்சா பட்டனை வெட்டி இன்னொண்ணுல தைப்பாங்க, தாத்தா பட்டனை பேரன் போட்டு தொலைச்சிருப்பான், கந்தல் துணியை உரமா வயல்ல கொட்டினதோட வந்த பட்டன் கூட நெறைய. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சின்ன கவர், உள்ள ஒரு துண்டுச் சீட்டு, அதுல தேதி, இடம், ஆழம், சைஸ், காது வகை, பின்னாடி படிக்க முடிஞ்ச எழுத்து. படிக்க முடியாத எழுத்துக்கு புள்ளி வைங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதே பேக்மார்க் முழுசா இருக்கற இன்னொரு பட்டன் கிடைக்கும்போது அந்த புள்ளிங்களை எண்ணித்தான் ரெண்டும் ஒண்ணான்னு பாப்பீங்க.